துணி காயும் சுவர்

ஆலை நிர்வாகம் அவரை இப்படி வருணிக்கிறது: "கழிவிலிருந்து வெப்பமும் மின்சாரமும் இடையறாது உற்பத்தி செய்பவர்; விழிப்பும் சுறுசுறுப்பும் உடையவர்." அப்படிச் சொல்லித் தேடினால் ஆள் கிடைக்கமாட்டார். சேத்துக்காரர் என்று கேட்டால் கை காட்டுவார்கள். விழிப்பைப் பொறுத்தவரை, நின்றுகொண்டே தூங்கக்கூடிய மனிதர். இடையறாமல் நடந்ததும் அந்தத் தூக்கம் ஒன்றுதான்.

காகிதக் கூழ் எடுத்தபின் மிஞ்சும் சாம்பல் நிறச் சேற்றை உலர்த்தி, மரப்பட்டையோடு கலந்து, ஓர் இரும்புக் கோபுரத்துக்குள் போடுவது அவர் வேலை. உள்ளே காற்றைக் கஞ்சத்தனமாகத்தான் விடுவார்கள். முழுக்க எரியவும் முடியாமல், அணையவும் முடியாமல் அது புகைந்து எரிவாயுவாகும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் நிலைமையும் ஏறக்குறைய அதுதான். அந்த வாயுவில் எஞ்சின் ஓடும், மின்சாரம் வரும், எஞ்சினின் சூடு குழாய்வழியே போய் அடுத்த சேற்றை உலர்த்தும். சேறு காய்ந்தால் எஞ்சின் ஓடும். எஞ்சின் ஓடினால் சேறு காயும். இதை யோசித்தவர் பெரிய புத்திசாலி. இரண்டும் ஒரே காலையில் கைவிடும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

அந்தக் காலை வந்தது. மதியம் தலைமை அலுவலகத்திலிருந்து பார்க்க வருகிறார்கள். கோபுரம் ஓடினால் இருக்கும். ஓடாவிட்டால் பழைய இரும்புக் கடைக்குப் போகும், சேத்துக்காரர் தொலைவிலுள்ள இன்னோர் ஆலைக்குப் போவார். பாதி வாழ்க்கையை அங்கேதான் தனியாகக் கழித்தார். மனைவி இதே ஆலையில் காகித இயந்திரக் கூடத்துப் பொறுப்பாளர். போன வருடம்தான் இருவரும் ஒரே வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். ஆனால் ஷிப்ட் எதிரெதிர். இவர் புறப்படும்போது மனைவி வருவார். தலையணைச் சூட்டைக் கைமாற்றிக்கொள்வதே குடும்பம் நடத்துவது என்று ஆகியிருந்தது.

"வர்றவங்க கண்ணுக்கு இடம் பளிச்சுனு இருக்கணும்ணே, கொஞ்சம் பெருக்கிவிட்டுடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார் இளம் பொறியாளர். குனிந்து பெருக்க முதுகு மறுத்தது. சேத்துக்காரர் குழாயை இழுத்துத் தண்ணீர் அடித்தார். சாக்கடை அடைத்திருந்தது. தண்ணீர் சத்தமே போடாமல் தார்ப்பாய்க்கு அடியில் நுழைந்து, காய்ந்து கிடந்த குவியல் முழுவதையும் ஊறவைத்துவிட்டது. அதைப் போட்டதும் கோபுரம் வெள்ளைப் புகையாகக் கக்கியது. எஞ்சின் இருமி நின்றது.

"என்னண்ணே இது, கஞ்சியாட்டம் இருக்கு!"

"நான்தான் சார். கழுவிட்டேன்."

"பெருக்கத்தானே சொன்னேன்?"

"நீங்க சொன்னீங்க. முதுகு வேற சொல்லிச்சு."

பொறியாளர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். "டீசல்ல ஓட்டிக் காட்டிடலாமா?"

"டீசல் இருந்தா இந்தச் சேத்தை ஏன் சார் கட்டி மேய்க்கிறோம்?"

யாரையாவது திட்டினால் அலுப்பு கொஞ்சம் குறையும். திட்ட வேண்டிய ஆள் தான்தான் என்பதால் அதற்கும் வழியில்லை. தள்ளுவண்டியில் சேற்றை ஏற்றிக்கொண்டு காகிதக் கூடத்தின் பின்பக்கம் போனார். காகிதம் உலர்த்திய வெப்பக் காற்று அங்கேதான் சுவர்த் துவாரங்களின் வழியே வெளியே வரும். அங்கே துணி காயப்போடக் கூடாது என்பது விதி. அந்த விதியைக் காக்க வேண்டிய பொறுப்பாளரின் துணிதான் அங்கே முதலில் காயும். ஷிப்ட் முடிந்து துணி மடித்துக்கொண்டிருந்தார் மனைவி.

"என்னங்க, மூஞ்சி எழவு வீட்டுக்குப் போய்ட்டு வந்தமாதிரி இருக்கு?"

"சேறு நனைஞ்சுபோச்சு."

"எந்தப் புண்ணியவான் வேலை?"

சேத்துக்காரர் தன் செருப்பைப் பார்த்தார்.

"சரி, சொல்லவே வேணாம்." மனைவி கையிலிருந்த போர்வையை மடித்து வைத்தார். "அப்போ மறுபடி பெட்டி கட்டணுமா?"

"இந்தச் சுவத்துல இடம் கொடுத்தா, ஒருவேளை வேணாம்."

"போர்வையில ஒரு பொட்டு தெறிச்சுது, நானே உங்களை மாத்தல்ல அனுப்பிவெச்சிடுவேன்."

சொல்லிக்கொண்டே கொடியை அவிழ்த்தார். பாதித் துணி கணவரின் சட்டைகள்; இன்னும் ஈரம். தகரங்களை அடுக்கி, சேற்றை உதிர்த்து மெலிதாகப் பரப்பினார்கள். தூங்க வீட்டுக்குப் போகவேண்டிய மனைவி போகாமல் ஒரு முள்வாரியை எடுத்துக்கொண்டார். கிளறக் கிளறப் பேச்சு வந்தது: ஒழுகும் குழாய், சேத்துக்காரர் மறந்துவிடும் மாத்திரை, பக்கத்து வீட்டுக்காரியின் நாய். இவர் கொட்டாவி விட்டால் அவரும் விட்டார். ஒரு வருடமாகச் சேர்ந்திருந்த பேச்சு, கொட்டாவிகளுக்கு நடுவே புகுந்து புறப்பட்டது.

மதியம் வந்தவர்கள் தேநீர் குடித்து முடிக்கும்வரை எஞ்சின் ஓடியது. அதற்குமேல் காய்ந்த சேறு இல்லை.

"எப்போலேர்ந்து ஓடுது?" என்று ஒருவர் கேட்டார்.

"இப்பத்தாங்க" என்றார் சேத்துக்காரர். பொறியாளருக்கு இருமல் வந்தது. வந்தவர் சிரித்தார், நகைச்சுவை என்று நினைத்து. கோபுரம் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

சேதி சொல்லப் போனபோது மனைவி, மடியில் ஈரச் சட்டைகளோடு, அந்தச் சூடான சுவரில் சாய்ந்து உறங்கிக்கொண்டிருந்தார். சேத்துக்காரர் எழுப்பவில்லை.

வெப்பத்தையும் மின்சாரத்தையும் இடையறாது உற்பத்தி செய்பவர் அன்று தான் நனைத்த சேற்றை, மனைவியோடு சேர்ந்து கிளறிக் காயவைத்தார்.