சட்டியைக் கழுவிய கொறக்காய்

சென்ற மாதம் உறவுக்காரப் பெண்ணொருத்தி என் கைபேசிக்கு ஒரு விளம்பரத்தை அனுப்பியிருந்தாள். கொறக்காய்ச் சாறு அடைத்த குளிகைகள். சாப்பாட்டுக்கு முன் ஒன்றை விழுங்கினால் உடம்பின் எரிப்பு வேகம் கூடிக் கொழுப்பு தானாகக் கரைந்துவிடுமாம். கீழே, "பெரியம்மா, இது உண்மையா?" என்று கேட்டிருந்தாள். நான் எழுதிய பதில் அவள் எதிர்பார்த்ததைவிட நீளமாகிவிட்டது. காரமாகவும் இருந்திருக்க வேண்டும். "ஸொரி பெரியம்மா" என்று ஒரு வரி வந்தது. அவள்மேல் எனக்குக் கோபமே கிடையாது. அந்தக் கோபம் எண்பத்திரண்டாம் ஆண்டுக்கு உரியது.

ஆண்டைப் பற்றி எனக்குச் சந்தேகமில்லை. நான் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படித்த வருடம் அது. மாதத்தில்தான் தகராறு. தலதா மாளிகைப் பெரஹரா ஊர்வலம் முடிந்து, வீதியோரக் கடலைக் கடைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள் என்பதால் ஆகஸ்ட் கடைசி என்பது என் கட்சி. செப்டெம்பர் என்று அம்மா கடைசிவரை சாதித்தாள். எப்படியிருந்தாலும் மழை விட்டிருந்த காலம். கண்டியில் பகல் வெயில் சுள்ளென்று அடித்த காலம். அந்த வெயிலில் என் அக்கா அப்பாவின் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அக்காவுக்கு அப்போது இருபது வயது. அப்பாவுக்குக் கண்டியின் கொழும்பு வீதியில் ஒரு சின்னத் துணிக்கடை. வீடு மேட்டில் இருந்தது. தெருவிலிருந்து படியேறித்தான் வர வேண்டும். அதற்கு முந்திய வருடம்வரை அக்கா அந்தப் படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறுவாள். கோயிலில் தேவாரம் பாட அவளைத்தான் கூப்பிடுவார்கள். பிறகு என்னவோ நடந்தது. காலையில் எழும்பும்போது முகம் ஊதியிருந்தது. குரல் கரகரத்தது. தலை வாரினால் சீப்பு நிறைய முடி வந்தது. சோற்றுக் கோப்பைக்கு முன்னாலேயே தூங்கி வழிந்தாள். உடம்பு பெருத்துக்கொண்டே போயிற்று. அவள் சாப்பிட்டதோ என்னைவிடக் குறைவு. இதற்கு நான் சாட்சி சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை. தின்கிறாள், தூங்குகிறாள், அதனால் பெருக்கிறாள் என்பது எங்கள் வீட்டில் விசாரணையில்லாமல் எழுதப்பட்ட தீர்ப்பு.

இந்த நேரத்தில்தான் மாத்தளையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. தைப்பொங்கலுக்குப் பிறகு பெண் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். தரகர் மட்டும் புறப்படும்போது படியில் நின்று, "புள்ளைக்கு முகம் கொஞ்சம் ஊதினாப்புல இருக்குதுங்க. அதுக்குள்ள சரி பண்ணிருவீங்கதானே?" என்று கேட்டுவிட்டுப் போனார். கூரையில் ஒழுகுகிற ஓடொன்றை மாற்றிவிடச் சொல்வதுபோலச் சொன்னார்.

சரி பண்ண வந்தவர் எங்கள் மாமா.

அம்மாவின் தம்பி. கலஹாப் பக்கம் ஒரு தோட்டத்தின் தேயிலைத் தொழிற்சாலையில் டீ மேக்கர். கொழுந்து உள்ளே வந்ததிலிருந்து தூளாகப் பெட்டியில் ஏறுவதுவரை அவர் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வருவார். எனக்கு அவரைப்போல ஒரு மனிதர் உலகத்தில் இல்லை. சட்டைப் பையில் எனக்கென்று டொபி இருக்கும். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு முழுப் படியும் ஏறுவார். தெருப்பையன் ஒருவன் என் பின்னலைப் பிடித்து இழுத்ததற்காக அவன் வீட்டு வாசலில் போய் நின்று சத்தம் போட்டவர். வீட்டில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. உலகத்தில் எதையும் அவர் தொழிற்சாலையின் ட்ரையரை வைத்தே விளக்குவார். அன்றும் அப்படித்தான் விளக்கினார்.

"மச்சான், ட்ரையருக்குக் கீழ அடுப்பு இருக்குதில்ல? அதுல சூடு ஏறலைன்னா இலை காயாது, புழுங்கிப் போயிரும். இவளுக்கும் அதே கதைதான். உள்ள அடுப்பு மந்தம். தின்னுறது எரியாம அப்படியே தங்கிருது. அடுப்பைத் தட்டி விடுற சாமான் குடுக்கணும்."

"என்னா சாமான்?" என்றாள் அம்மா.

அன்று மத்தியானம் ஆட்டுக்கறி. சட்டியின் ஓரத்தில் கொழுப்பு வெள்ளையாக உறைந்திருந்தது. மாமா அந்தச் சட்டியை எடுத்துவரச் சொன்னார். மீன் குழம்புக்குப் புளிக்குப் பதிலாகப் போடும் அந்தக் கறுப்புக் கொறக்காய்த் துண்டுகளை ஒரு பிடி எடுத்துச் சட்டியில் போட்டு, கேத்தலில் கொதித்த தண்ணீரை மேலே ஊற்றினார். தேங்காய்த் தும்பால் சுற்றித் தேய்த்தார். தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சட்டியைச் சாய்த்து எல்லோருக்கும் காட்டினார். பளபளவென்று இருந்தது. நான் கைதட்டினேன்.

"பார்த்தீங்களா? பன்றிக்கறிக்கு ஏன் கொறக்காய் போடுறாங்க? நெய்யை வெட்டத்தான். சட்டியில ஒட்டினதே போவுதுன்னா உடம்புல ஒட்டினது போவாதா?"

அப்பா சட்டியைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். அப்பா படித்த மனிதர். இரண்டு பத்திரிகைகளுக்குச் சந்தா கட்டியவர். அவர், "அதுல நியாயம் இருக்குது" என்றார்.

"நான் சட்டி இல்ல மாமா" என்றாள் அக்கா.

"வாய்க்கு ஒண்ணும் மந்தமில்ல" என்றார் மாமா. எல்லோரும் சிரித்தார்கள்.

பல வருடங்களுக்குப் பிறகு என் சொந்தச் சமையலறையில் நான் ஒரு காரியம் செய்தேன். கொழுப்பு உறைந்த சட்டியில் கொறக்காய் இல்லாமல் வெறும் கொதிதண்ணீரை ஊற்றித் தேய்த்தேன். சட்டி பளபளத்தது. எங்கள் வீட்டுப் பெரியவர்களில் ஒருவருக்காவது அன்றைக்கு இந்தக் கேள்வி தோன்றியிருக்கக்கூடாதா?

மறுநாளே வைத்தியம் தொடங்கியது. விடியற்காலையில் வெறும் வயிற்றில் கொறக்காய் ஊறிய தண்ணீர், அதில் மிளகுத்தூள். மத்தியானம் கொள்ளு ரசம். சோறு பேருக்கு ஒரு பிடி. பின்னேரம் இஞ்சிச் சாறு. தேங்காய்ப்பால் கிடையாது, இடியப்பம் கிடையாது. ஒவ்வொரு சாப்பாட்டோடும் கொச்சிக்காய் கடிக்க வேண்டும். கடுகளவு கடித்தாலே காது அடைக்கிற அந்தக் குட்டி மிளகாய்! வேர்வை வந்தால் கொழுப்பு உருகுகிறது என்று மாமா அடையாளம் சொல்லியிருந்தார். அடுப்படியில் நின்ற அம்மாவுக்கு வேர்த்து ஒழுகியது. அக்காவுக்குக் கண்ணீர் மட்டுமே வந்தது.

"பாருங்க, வேர்க்கவே மாட்டேங்குது. அடுப்பு இன்னும் பிடிக்கல. கூட ரெண்டு கொச்சிக்காய் வைங்க" என்று மாமா அம்மாவிடம் சொன்னார்.

அக்காவுக்கு வயிறு எரிந்தது. வாயில் புண் வந்தது. பெருப்பு மட்டும் குறையவில்லை. இப்படி ஒரு வைத்தியத்தின் பெரிய வசதியே, அது பலிக்காவிட்டால் குற்றம் நோயாளியுடையது என்பதுதான். "அவ ஒளிச்சுத் தின்னுறா" என்றார் மாமா. அம்மா பிஸ்கட் டின்னை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். பூட்டிய அன்று நான் அழுதேன், பிஸ்கட்டுக்காக. அக்கா அழவில்லை. அம்மாவைப் பார்த்து, "நீங்களுமா அம்மா?" என்று மட்டும் கேட்டாள்.

தீபாவளிக்கு முந்திய வாரம் மாமா எங்கள் இருவரையும் தொழிற்சாலையைச் சுற்றிக் காட்டுவதாகச் சொல்லி அழைத்துப்போனார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். இயந்திரங்களையெல்லாம் காட்டினார். கடைசியில் தூளைப் பெட்டியில் அடைக்கும் அறைக்கு வந்தோம். அங்கே பெட்டி நிறுக்கும் பெரிய தராசு, தரையோடு தரையாக ஒரு பலகை.

"ஏறு புள்ள" என்றார் மாமா அக்காவிடம்.

"வேணாம் மாமா."

"ஏறு. களவு இருக்குதா இல்லையான்னு தராசு சொல்லட்டும்."

தூள் சலிக்கும் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அக்கா ஏறினாள். பெட்டிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்த ஒருவன், "ஐயா, இந்தப் பெட்டி கப்பலுக்குப் போவுதா, கடைக்குப் போவுதா?" என்று கேட்டான். அறை முழுக்கச் சிரிப்பு. மாமாவும் சிரித்தார். சலிக்கிற பெண்களில் ஒருத்தி மட்டும், "சும்மா இருடா, வயசுப் புள்ளைய!" என்று அதட்டினாள். நான் பெட்டியின் உள்ளே ஒட்டியிருந்த வெள்ளித்தாளைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

மாமா வைத்தியத்தின் தொடக்கத்தில் பலசரக்குக் கடைத் தராசில் அக்காவை நிறுத்துப் பார்த்திருந்தார். இப்போது அதைவிடக் கூடியிருந்தது.

"இப்ப என்னா சொல்ற? கொள்ளும் தண்ணியும் குடிச்சா கூடும்?"

அக்கா பலகையிலிருந்து இறங்கவில்லை. "நான் ஒண்ணும் ஒளிச்சுத் தின்னல மாமா. சாமி சத்தியமா" என்றாள். கரகரத்த அந்தக் குரலில் அது யாரோ ஓர் ஆண்பிள்ளை சொன்னதுபோலக் கேட்டது. மாமா தலையை ஆட்டிவிட்டுத் தராசின் கட்டையைத் தள்ளிவிட்டார். தராசுக்குப் பொய் சொல்லத் தெரியாது, அக்காவுக்குத் தெரியும் என்பது அந்தத் தலையாட்டலின் பொருள்.

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மறைத்து வைத்துக் கதை பண்ணுவதற்கு எனக்கு மனமில்லை. அக்காவின் கழுத்திலிருக்கும் தைரொயிட் சுரப்பி வேலையை ஏறக்குறைய நிறுத்திவிட்டிருந்தது. உடம்பு எவ்வளவு வேகத்தில் எரிய வேண்டும் என்று கட்டளையிடுவது அந்தச் சுரப்பிதான். மாமா சொன்னதில் பாதி சரி என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆற்றாமையாக இருக்கிறது. அடுப்பு மந்தம்தான். ஆனால் அதை மூட்டுகிற சாமான் எந்தச் சந்தையிலும் கிடையாது. மிளகாயும் இஞ்சியும் கோப்பியும் உடம்பின் எரிப்பைக் கொஞ்ச நேரத்துக்கு, கொஞ்சமே கொஞ்சம் கூட்டும் என்று நான் தேடிப் படித்த இடத்திலெல்லாம் எழுதியிருக்கிறது. அதை நம்பி ஒருவருடைய சோற்றைப் பிடுங்கலாம் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. அக்காவுக்குத் தேவைப்பட்டது ஒரு சின்ன வெள்ளை மாத்திரை. இன்றும் விடியற்காலையில் அதைத்தான் விழுங்குகிறாள். மாத்தளைக்காரர்கள் வரவேயில்லை. அக்கா ஆசிரியையாகி, தான் விரும்பியவரைக் கட்டிக்கொண்டு, பழையபடி பாடவும் செய்தாள். உடம்பு வற்றிய பிறகு மாமா ஊரெல்லாம் சொன்னது இதுதான்: "கொறக்காய் வேலை செஞ்சிருச்சு, கொஞ்சம் சுணங்கிப்போச்சு, அவ்வளவுதான்." சாகும்வரை அதை நம்பினார். சபையில் யாரும் அவரை மறுக்கவுமில்லை.

தராசுக்குப் பிறகு அக்கா வீட்டில் யாரோடும் வாதாடவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை, கோயிலுக்குப் போவதாகச் சொல்லி என்னைக் கையில் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். கோயில் பக்கம் திரும்பாமல் பேராதனை பஸ்ஸில் ஏறினாள். ஆஸ்பத்திரி வாங்கில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். அக்கா என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். எங்கள் முறை வந்ததும் நான்தான் எழுப்பினேன்.

டொக்டர் வயதான சிங்களவர். எனக்கு அப்போது கடையில் சாமான் வாங்கும் அளவுக்குத்தான் சிங்களம் தெரியும். ஆகவே நான் கண்டதைச் சொல்கிறேன். அவர் அக்காவின் கழுத்தை இரண்டு கைகளாலும் பிடித்து அமுக்கினார். எச்சிலை விழுங்கச் சொல்லித் திரும்பவும் அமுக்கினார். பிறகு அவளைக் கதிரையில் முட்டுக்கால் போட வைத்தார். எங்கள் வகுப்பில் கணக்குப் பிழைத்தவர்களுக்குக் கொடுக்கும் அதே தண்டனை. மேசை லாச்சியிலிருந்து ஒரு சின்னச் சுத்தியலை எடுத்து அவளுடைய குதிகாலுக்கு மேலே தட்டினார். ஒரு காலில் தட்டி, மற்றக் காலிலும் தட்டினார். கால் மெதுவாக அசைந்து மெதுவாகத் திரும்பியதைக் குனிந்து பார்த்தார்.

அக்கா இறங்கி உட்கார்ந்து சிங்களத்தில் என்னவோ சொன்னாள். தான் அதிகம் சாப்பிடுவதில்லை என்று சொன்னாளாம். பிற்பாடு எனக்குச் சொன்னாள். டொக்டர் பேனாவை வைத்துவிட்டு அவளைத் தங்கச்சி முறை சொல்லிக் கூப்பிட்டு, "தெரியும் நங்கி. இது நீ சாப்பிட்டதால் வந்த நோய் இல்லை" என்றாராம்.

அவ்வளவுதான். அக்கா இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். பிஸ்கட் டின்னைப் பூட்டியபோது அழாதவள், தராசுப் பலகையில் அழாதவள், வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்க்கும்படி அழுதாள். நான் அந்த மனிதரை முறைத்துப் பார்த்தேன். அவர் என் கன்னத்தைத் தட்ட வந்தபோது தலையை இழுத்துக்கொண்டேன்.

பஸ்ஸிலும் அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தாள். நடுவில் ஒருமுறை சிரித்தாள். அது என்னை இன்னும் பயமுறுத்தியது.

"வலிக்குதா அக்கா?"

"இல்லடி."

"பொய். அந்த ஆளு சுத்தியலால அடிச்சதை நான் பார்த்தேன்."

"அடிக்கலடி, கழுதை" என்று என்னைச் சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

அவள் மறைக்கிறாள் என்பது எனக்கு விளங்கிவிட்டது. பள்ளிக்கூடத்தில் முட்டுக்கால் போட வைத்ததை நாங்களும் வீட்டில் சொல்லமாட்டோம். பஸ் கெட்டம்பேயைத் தாண்டும்போது நான் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மாமா வருவார். ஒன்றையும் விடாமல் அவரிடம் சொல்லிவிட வேண்டும். அக்காவை இப்படி அழவைத்தவனை மாமா சும்மா விடமாட்டார்.