பெரில் பெயரில் நாங்கள் அடித்தது

இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரிக்கலாம். நானும் கேவினும் அந்த ஒரு வாரம் சிரித்த அளவுக்கு யாராலும் சிரிக்க முடியாது. அதனால் எனக்குக் கவலையில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். மணியும் நிமிடமும் கடைக் கம்ப்யூட்டர் தானாகப் பதிந்து வைத்தவை. ஒன்றைக்கூட நான் மாற்றவில்லை.

கடீனா என்கிற சின்ன ஊரில் கேவின் வைத்திருந்த கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் பத்து வருடம் வேலை பார்த்தேன். ஒரு நாளைக்கு மூன்று பேர் வந்தால் அது திருவிழா. பாஸ்வேர்டு மறந்துபோன ஒருவர். பார்லித் தூசி அடைத்த லேப்டாப்போடு ஒரு விவசாயி. அவ்வளவுதான். மீதி நேரம் இறைச்சி அடைத்த பேஸ்டி தின்போம், ஐஸ் காபி குடிப்போம், வந்து போனவர்களைப் பற்றிக் கிண்டல் பேசுவோம். கேவினுக்கு வாய் பொல்லாதது. அதற்குச் சிரிப்பதுதான் என் வேலை.

மெர்வின் பாஸ்கோ பக்கத்து ஊரான மூன்டாவிலிருந்து வருவார். எண்பத்தொரு வயது. செப்டம்பரில் அவர் மனைவி பெரில் இறந்துபோனாள். கவுன்சில் ஆபீஸில் முப்பத்திரண்டு வருடம் டைப்பிஸ்ட்டாக இருந்தவள். அவள் போன பிறகு, வாரத்துக்கு ஒருமுறை அந்தப் பழைய கம்ப்யூட்டரைக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்துவிடுவார்.

"அவ கை பட்ட மெஷின், பசங்களா. ஜாக்கிரதையா பாருங்க."

அதில் ஒரு கோளாறும் இருக்காது. அவருக்குப் பேச ஆள் வேண்டும், அதுதான் கோளாறு. கேவின் எரிச்சலாகி, கடையிலிருந்தே அவர் கம்ப்யூட்டருக்குள் போகிற மாதிரி ஒரு புரோகிராம் போட்டுக் கொடுத்தான்.

"பெரியவரே, இனிமே அலையாதீங்க. எதுவானாலும் நான் இங்கேருந்தே பார்த்துக்கறேன்."

கிழவர் தலையாட்டினார். என்ன புரிந்ததோ.

ஜனவரி இரண்டாம் வாரம், எங்கள் ஊரில் நடுக்கோடை. அனல். தெருவில் நாய்கூட இல்லை. புதன்கிழமை மதியம் 1:52. கேவின் நாற்காலியில் சுழன்றபடி கூப்பிட்டான்.

"டேய் டீன், பெருசு கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்குடா. பச்சைப் புள்ளி எரியுது பாரு. வா, கொஞ்சம் விளையாடுவோம்."

வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்தான். இங்கே அடிப்பது அங்கே அவர் திரையில் தெரியும். அடித்தான்.

*மெர்வ்.*

ஒன்றுமில்லை. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். பிறகு ஒவ்வொரு எழுத்தாக, தப்பும் தவறுமாக, அழித்து அழித்து வந்தது.

*பெரில்?*

எனக்கு ஐஸ் காபி மூக்கில் ஏறியது. அப்படிச் சிரித்தோம்.

*நான்தான்.*

*எங்கே இருக்கிறாய் கண்ணு?*

கேவின் என்னைப் பார்த்தான். "என்னடா சொல்லலாம்?"

யோசிக்கவே இல்லை நான். "வெச்ச எடத்துலயே இருக்கேன்னு அடி."

ஆமாம். அந்த வரி என்னுடையது.

*இங்கே தனியாக இருக்கிறேன். ஏன் என்னைப் பார்க்க வருவதில்லை?*

*வெயில் தணியட்டும், வருகிறேன்.*

*இப்போதே வா.*

பச்சைப் புள்ளி அணைந்தது. அணைத்துவிட்டுப் பெரில் கல்லறைக்குக் கிளம்பிவிட்டார். கேவின் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தான்.

மறுநாள் வியாழன். *வந்தேன். நீ பேசவில்லை* என்று அடித்தார். கேவின் பதில் அடித்தான். *பத்து நிமிடத்தில் போய்விட்டாய். நாள் முழுக்க உட்கார்.* வெள்ளிக்கிழமை *உட்கார்ந்தேன், தலை சுற்றியது, நீ பேசவே இல்லையே* என்று வந்தது.

எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. "போதும்டா. நாற்பத்தி ரெண்டு டிகிரி அடிக்குது."

"கடையில உனக்கு வேற என்ன வேலை வெச்சிருக்கேன்? பேசாம உக்காரு."

பேசாமல் உட்கார்ந்தேன்.

*திங்கள்கிழமை வா. அன்று பேசுகிறேன்,* என்று அடித்தான் கேவின். 

திங்கள்கிழமை நாற்பத்து நான்கு டிகிரி. பச்சைப் புள்ளி எரியவே இல்லை. "இன்னிக்கு விரதம் போல," என்றான் கேவின்.

செவ்வாய்க்கிழமை. மதியம் 2:26. புள்ளி எரிந்தது.

"வந்துட்டாரு மாப்பிள்ளை!" கேவின் கைகளைத் தேய்த்துக்கொண்டான்.

2:27. *மெர்வ்,* என்று அடித்தான்.

விரலை எடுப்பதற்குள் பதில் வந்தது.

*அவர் இங்கே இருக்கிறார்.*

ஒரு பிழை இல்லை. ஒரு எழுத்து அழியவில்லை. கிழவர் ஒரு வார்த்தைக்கு ஒரு நிமிடம் எடுப்பவர்...

"பெர்த்துல இருக்கற பெருசோட பொண்ணு வந்திருக்கா போல," என்றான் கேவின். குரல் இறங்கியிருந்தது. *யார் நீங்கள்?* என்று அடித்தான்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. டக். டக். டக். பழைய டைப்ரைட்டர் சத்தம். ஸ்பீக்கரிலிருந்து வந்தது. அந்தப் புரோகிராமில் சத்தம் வராது. வரவே வராது.

2:29.

*வெச்ச இடத்திலேயே இருக்கிறேன்.*

டிங்... வரி முடிந்தால் டைப்ரைட்டர் மணி அடிக்குமே, அது.

கேவின் என்னைப் பார்த்தான். "நீ ஏதாவது பண்றியா?"

என் இரண்டு கையும் மடியில் இருந்தன.

டக். டக். டக்.

*அதைச் சொல்லிக் கொடுத்தவன் நீலச் சட்டை.*

நான் குனிந்து பார்த்தேன். நீலம்.

எங்கள் கம்ப்யூட்டரில் கேமரா கிடையாது.

2:31. கேவின் மேஜைக்கடியில் பாய்ந்து நெட் ஒயரைப் பிடுங்கினான். புள்ளி அணைந்தது.

சத்தம் நிற்கவில்லை.

டக். டக். டக். டக்.

*தண்ணீர் கேட்டார்.*

டிங்.

*நாக்கு வீங்கியிருந்தது. என்னால் கொடுக்க முடியவில்லை.*

டிங்.

"டீன்... பிளக்கைப் புடுங்குடா... புடுங்கு!"

*உங்களால் முடிந்திருக்கும்.*

நான் பிடுங்கினேன். திரை கறுத்தது. சுவர்க் கடிகாரத்தில் 2:34.



மறுநாள் காலை 9:10க்குக் கான்ஸ்டபிள் நரேல் கடைக்கு வந்தாள். எங்களோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவள். தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"மெர்வின் பாஸ்கோ செத்துட்டாரு. மூன்டா கல்லறையில, பெரில் பக்கத்துலயே. திங்கக்கிழமையே உயிர் போயிருக்கணும்னு டாக்டர் சொல்றாரு. நேத்து காலைல பதினொண்ணு இருபதுக்கு, செடிக்குத் தண்ணி ஊத்தற அம்மாதான் பார்த்திருக்கு."

நேற்றுக் காலை. எங்களிடம் பேசியது நேற்று மதியம்.

மெர்வின் சட்டைப்பையில் இருந்ததென்று ஒரு காகிதத்தை நீட்டினாள். நடுங்கிய எழுத்து. 'கடைப் பசங்களுக்கு. நீங்கள் மெஷினைச் சரி செய்த பிறகுதான் பெரில் பேச ஆரம்பித்தாள். ரொம்ப நன்றி. நல்லா இருங்க.'

"இதுக்கு என்ன அர்த்தம்?"

"யாருக்குத் தெரியும்," என்றான் கேவின். "வயசாயிடுச்சு. பாவம்."

நரேல் என்னைப் பார்த்தாள். தெரியாது என்று நானும் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை.

நரேலிடம் கேட்டேன். "நேத்து அவர் வீட்ல யாராச்சும் இருந்தாங்களா? அந்தக் கம்ப்யூட்டரை யாராச்சும் போட்டாங்களா?"

"வீட்லயா? அது வீட்லயே இல்லையே. மெஷின் இருந்தாத்தான் அவ பேசுவான்னு நெனச்சாரோ என்னவோ, கல்லறைக்கே தூக்கிட்டுப் போயிருக்காரு. கார் டிக்கியில இருந்துது. ஒயரெல்லாம் சுத்தி, நூல் போட்டுக் கட்டி. நேத்து பன்னெண்டு மணிக்கே ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து ஒரு ரூம்ல வெச்சுப் பூட்டிட்டேன். சாவி என்கிட்டதான்."

கேவின் மேஜைக்கடியில் பிடுங்கிக் கிடந்த பிளக்கைப் பார்த்தான்.

நரேல் கிளம்பினாள். வாசலில் நின்று திரும்பினாள்.

"நீங்க ரிப்பேர்க்காரங்க, கேட்டு வெக்கறேன். நான் பூட்டி வெச்சது ஏசி ரூம்ல. அங்க பிளக் பாயிண்ட்டே கிடையாது. நேத்து மதியம் ரெண்டே முக்கால் இருக்கும், ஷெல்ஃபுல எடுத்து வெக்கலாம்னு மெஷினைத் தூக்கினேன்..."

வலது உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். தோல் சிவந்து கொப்பளித்திருந்தது.

"கொதிச்சிக்கிட்டு இருந்துது. எப்படி?"