கலியபெருமாள் கடைவரிசையும் தனக்கொடியும்

உழவர்கரையிலிருந்து நடந்து வந்து, துறைமுகத்தை ஒட்டிய பழைய கிடங்கில் வேர்க்கடலை புடைத்தவள் தனக்கொடி. அவள் வாய்க்குப் பயந்து மேஸ்திரியே தள்ளி நின்றுதான் பேசுவார். பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறியதும், கிடங்கை வைத்திருந்த பிரெஞ்சுக் கம்பெனிக்கு வரும் கப்பல்கள் குறைந்தன. ஐம்பத்தாறில் கம்பெனித் துரை கிடங்கைத் துணி வியாபாரி கலியபெருமாளுக்கு விற்றுவிட்டு ஊருக்குப் போனார்.

கலியபெருமாள் அதை உடைத்துக் கடைவரிசையாக்கத் தொடங்கினார். மொசைக் தரை, டியூப்லைட், தெருவைப் பார்த்து ஆளுயரக் கண்ணாடி. வேலை போன பெண்கள் வாசலில் கூடிக் கத்தினார்கள்.

"கட்டட வேலைக்கு வாங்க. முடிஞ்சதும் பக்கவாட்டுல கடலை விக்க எடம் தர்றேன்" என்றார் அவர்.

நம்பிச் சித்தாளாகச் சேர்ந்தார்கள். கிடங்குக்குள் மாட்டுவண்டி நுழைந்த பழைய வாசலை அடைக்கச் செங்கல் சுமந்தவளும் தனக்கொடிதான்.

திறப்பு விழாவுக்கு முதல் நாள் அவள் போய்க் கேட்டாள். "எங்க எடம் எதுங்க?"

"எந்த எடம்? கண்ணாடிக் கடை முன்னால கடலத்தோலு பறக்கறதுக்கா இவ்ளோ செலவு பண்ணேன்? போம்மா."

"உன் வாயாலதானே சொன்ன!" என்றாள். அதன்பின் அவரை அவள் 'நீங்க' என்றதேயில்லை.

மறுநாள் ரிப்பன் வெட்ட வந்தவர்கள் காரை விட்டு இறங்கி உள்ளே போக வழியில்லை. பெண்கள் கூடையோடு படியில் உட்கார்ந்திருந்தார்கள். போலீஸ் வந்தது. படி கடைக்காரருடையது, தெரு முனிசிபாலிட்டியுடையது என்றார் ஏட்டு. தனக்கொடி எழுந்து, படிக்கு ஒரு முழம் தள்ளித் தெருவில் உட்கார்ந்தாள். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள்.

அங்கேயே வியாபாரம் நடந்தது. தினமும் காலையில் பினாயில் ஊற்றிப் படியைக் கழுவச் சொன்னார் கலியபெருமாள். தண்ணீர் நேராகக் கூடைகளுக்கு வரும். தனக்கொடி கூடையைச் செங்கல்மேல் ஏற்றினாள். துணி எடுக்க வருகிறவர்களிடம், "பாத்து அளக்கச் சொல்லு, பேச்சு மாறுறவன்" என்பாள். ஒருநாள் அவர் செருப்புக் காலால் கூடையை எத்தினார். அவள் எடைக்கல்லை ஓங்கினாள். கூட்டாளி ஆயம்மா கையைப் பிடிக்காவிட்டால் கண்ணாடியோ மண்டையோ போயிருக்கும்.

உள்ளே ரேடியோ கடை வைத்திருந்த லூர்துநாதனுக்குப் பொறுமை போனது. "இந்தச் சண்டைய பாத்தே ஜனம் எதிர்சாரிக்குப் போவுது. எடத்த குடுங்க, இல்லன்னா நான் காலி பண்றேன்" என்றார்.

கலியபெருமாள் வேறு வழியின்றிப் பக்கவாட்டில் தகரக் கூரை போட்டார். பெண்கள் ஒவ்வொருவராக நிழலுக்குப் போனார்கள். தனக்கொடி அசையவில்லை.

"வெயில்ல சாவறியே, வாடி" என்றாள் ஆயம்மா.

"அங்க வந்து குந்துனா, சொன்ன சொல்ல காப்பாத்துனேன்னு ஊரெல்லாம் சொல்லுவான். நீங்க போயி அவனுக்குச் சாட்சியா இருங்க."

அதோடு ஆயம்மாவோடும் பேச்சு நின்றது.

அறுபத்திரண்டு ஐப்பசியில் மழை கொட்டியபோது, சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு தெருவிலேயே இருந்தாள். கடலை ஊறிப்போனது. கண்ணாடிக்கு உள்ளிருந்து கலியபெருமாள் பார்த்துக்கொண்டிருந்தார். ஆயம்மா டீ வாங்கிவந்து பக்கத்தில் வைத்தாள். தனக்கொடி அவள் முகத்தைப் பாராமல் அதை எடுத்துச் சாக்கடையில் ஊற்றினாள்.