மணல்கல்லுக்குப் பின்னால் இருந்த கிணறு

"மிஸ், பெக்கோ வந்திட்டுது. கல்லை உடைக்கிறாங்கள். கெதியா வாங்கோ."

இராசமலர் அக்கா போனில் இதைச் சொன்னபோது நான் யாழ்ப்பாணத்தில் ஒரு கூட்டத்தில் இருந்தேன். கூட்டமே அந்தக் கல்லைப் பற்றியதுதான்.

அப்போது நான் நிலத்தடி நீர் வேலையில் கள அலுவலர்; இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். பருத்தித்துறைக்குக் கிழக்கே கடலோரமாக ஒரு மணல்மேடு இருந்தது. ஆதிகாலத்தில் காற்று அள்ளிக் குவித்த மணல், சிப்பித்தூளின் சுண்ணாம்பு கரைந்து ஒட்டியதில் கல்லாகிவிட்டது. எரிமலைத் தீவுகளின் கரைகளிலும் கறுப்புப் பாறைக்கு மேல் இதே கல் உண்டு என்று படித்திருக்கிறேன். எரிமலையே இல்லாத எங்கள் கரையில் அது சுவர்போல நின்றது. மாரிக்கடல் அதைத் தாண்டாது. அதன் பின்னால் சில மீன்பிடிக் குடும்பங்கள். எல்லோரும் குடிக்க அள்ளியது இராசமலர் அக்காவின் கிணற்றில்.

நான் போய்ச் சேர்ந்தபோது மேட்டை ஒரு பக்கத்திலிருந்து உடைக்கத் தொடங்கியிருந்தார்கள். இறங்குதுறைக்குப் பாதையாம். பாதை வேலையை எடுத்த கொந்தராத்துக்காரர் குடையோடு நின்றார்.

"நிப்பாட்டுங்கோ. இன்னும் முடிவெடுக்கேல்லை."

"உது வெறும் மணல்கல்லு, மிஸ். பேந்து கொங்கிறீட் சுவர் கட்டித் தருவம்."

பெக்கோ இயந்திரத்தின் முன்னால் போய் நின்றேன். என் மேலதிகாரி போனில் அழைத்தார்.

"நீர் ஏன் அங்கை நிக்கிறீர்? மேலிடத்திலை ஓமெண்டிட்டினம். விலத்தி வாரும்."

நான் விலகவில்லை. பெக்கோ என்னைச் சுற்றிப் போய் மறுபக்கத்திலிருந்து உடைத்தது.

அந்த மாரியில் கடல் அந்த வழியால் உள்ளே வந்தது. கிணற்றை நிரப்பிவிட்டுப் போனது. இறைத்தோம், ஊறியது சவர், உப்புத் தண்ணீர். மறுபடி இறைத்தோம், அதுவும் சவர்தான். சுவர் இன்றுவரை வரவில்லை. குடிதண்ணீர் பவுசர் லொறியில் வருகிறது, வராத நாளும் உண்டு. குடும்பங்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கின்றன.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். உடைத்த பிறகு கட்டித் தருவோம் என்றால் நம்பாதீர்கள். நிற்பதை உடைக்க விடாதீர்கள். அதை எப்படித் தடுப்பது என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.

அண்மையில் போனபோது அக்கா தேத்தண்ணி ஊற்றித் தந்தார்.

"பவுசர் தண்ணி வரேல்லை. கிணத்துத் தண்ணிதான். சீனி கூடுதலாப் போட்டிருக்கிறன், குடியுங்கோ."

குடித்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சவர் தெரியுதோ?"

"ஓம் அக்கா" என்றேன்.