தேனீக்கும் கரடிக்கும் ஐந்து மதிப்பெண்

மார்ச்சில் விலங்கியலில் கோட்டை விட்டேன். செப்டம்பரில் மறுபடி எழுதிப் பாஸானால்தான் ஆசிரியர் பயிற்சிக்கு மனு போட முடியும். இல்லாவிட்டால் கரும்பு வெட்டத்தான் போக வேண்டும். தேர்வு வாரம் பார்த்து எங்கள் சாதிக்கு இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் வந்தது. அப்பா இரண்டு நாளாக மறியல் ஆட்களோடுதான் இருந்தார். தேர்வைத் தள்ளிவைப்பார்கள் என்று ஊரே சொன்னது. தள்ளிவைக்கவில்லை.

கச்சிராயபாளையத்திலிருந்து தேர்வு நடக்கும் கள்ளக்குறிச்சிக்கு ஒரு பஸ்கூட ஓடவில்லை. விடிந்ததும் நடக்க ஆரம்பித்தேன். கணுக்காலி, முதுகுநாணி, பூச்சிகள் வகுப்பு, பாலூட்டிகள் வகுப்பு என்று வாய் பாட்டுக்கு முணுமுணுத்தது.

வாய்க்கால் திருப்பத்தில் கோணப் புளியமரம் ரோட்டுக்குக் குறுக்கே கிடந்தது. மறியலுக்காக வெட்டிப் போட்டவர்களைக் காணோம். மரத்திலிருந்த தேன்கூடு சிதறி, தேனீக்கள் வெறிபிடித்துச் சுற்றின. ஒரு பக்கம் நிறைந்த வாய்க்கால், மறுபக்கம் ஆளுயரக் கரும்பு. கிட்டே போன பால்காரர் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். நான் நின்றேன். நின்று அழுதேன். பூச்சியிடம் ஹால் டிக்கெட்டைக் காட்டவா முடியும்?

அவை அடங்கி, நான் பள்ளிக்கூட வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லோரும் எழுதிவிட்டு வெளியே வந்துகொண்டிருந்தார்கள். மார்ச்சில் என்னோடு தோற்ற டவுன் தோழி கேள்வித்தாளை நீட்டினாள். தேனீயையும் கரடியையும் வகைப்பாடு, வாழிடம் கொண்டு ஒப்பிடுக. ஐந்து மதிப்பெண். எனக்குத் தலைகீழாகத் தெரிந்த கேள்வி.

சாயங்காலம் அப்பா வந்தார். முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கி, ஒரு கண் மூடிக் கிடந்தது. எந்த மரம் என்று நான் கேட்கவில்லை. சுண்ணாம்பைக் குழைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“பரிச்சைல இன்னாம்மா கேட்டாங்க?”

“தேனீ எங்க இருக்குது, கரடி எங்க இருக்குதுன்னு.”

வீங்கிய வாயோடு சிரித்தார். “கரடி கல்வராயன் மலைல. தேனீ நம்ம கோணப் புளில. காலைல வரைக்கும் இருந்துச்சி. இதுக்குப் போயி ஒரு பரிச்சையா!” கன்னத்தைத் திருப்பிக் காட்டினார். “இவ்ளோ கொட்டு வாங்குனதும் உனுக்காவத்தாம்மா. நீ பாஸ் மட்டும் பண்ணு. சீட்டை நாங்க வாங்கிக் குடுக்கறோம்.”

நான் எழுதவே இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். திறந்திருந்த அந்த ஒரு கண் என்னையே பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

“இன்னும் எங்கெங்க கொட்டியிருக்குதுப்பா?” என்று கேட்டேன்.