எட்டு உட்கார்ந்திருந்த பதினோரு நிமிடம்

ரொட்டித் தொழிற்சாலையின் சம்பளக் குமாஸ்தாவை ஊழியர்கள் 'எட்டு' என்றுதான் அழைப்பார்கள். எட்டு மணி நேரம் முடிந்து மாலை ஐந்து அடித்ததும், பாதி கூட்டிய தொகையை அந்தரத்தில் விட்டுவிட்டு எழுந்துவிடுவார். கணினியை அணைக்கவும் மாட்டார். அது அணைய இரண்டு நிமிடமாகும். அதற்கு யார் சம்பளம் தருவது? இந்த வைராக்கியத்தில் பதினெட்டு வருடம் கழிந்திருந்தது. இதைவிட அற்பக் காரணங்களுக்கெல்லாம் முனிவர்கள் தவம் செய்திருக்கிறார்கள்.

அங்கே சட்டம் எளியது. ஒரு நாளில் எட்டு மணி நேரத்தைத் தாண்டினாலும் ஓவர்டைம், வாரத்தில் நாற்பதைத் தாண்டினாலும் ஓவர்டைம். இரண்டு கணக்கில் எது அதிகமோ அதைத் தர வேண்டும்; ஒரே மணியை இரண்டு முறை எண்ணக் கூடாது.

மேனேஜர் ஒரு கருணைக் கடல். அந்த வாரம் அடுப்புப் பிரிவினரை மூன்று நாள், தினம் பன்னிரண்டு மணி நேரம் வாட்டி எடுத்தார். பிறகு மனமிரங்கி, "உடம்பைப் பாத்துக்கோங்கப்பா" என்று வியாழனும் வெள்ளியும் சம்பளமில்லாத ஓய்வு கொடுத்தார். ஆக, வாரத்துக்கு முப்பத்தாறு மணி நேரம்.

வெள்ளிக்கிழமை ஐந்தரைக்குள் சம்பளக் கோப்பு வங்கிக்குப் போயாக வேண்டும். நாலு மணிக்கு மேனேஜர் எட்டின் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"என்ன சார், அடுப்புக்காரங்களுக்கு ஆளுக்குப் பன்னெண்டு மணி ஓவர்டைம் காட்டுது? வாரமே நிறையலையே!"

"நாள் நிறைஞ்சு வழியுதே சார். தினம் நாலு, மூணு நாளைக்கு."

"வாரத்தை மட்டும் பாருங்க. மாத்திடுங்க."

"அது தப்பு சார்."

"சரி, விடுங்க. அஞ்சு மணிக்கு நீங்க வழக்கம்போல கெளம்புங்க. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

எட்டுக்குச் சூழ்ச்சி புரிந்துவிட்டது. வேன் ஓட்டுநர்களின் வருகைத்தாள் மேனேஜரின் சட்டைப்பையில் இருந்தது. அது வராமல் கோப்பு போகாது. ஐந்துக்கு முன் அது வராது. அதன் பிறகு இருக்கப்போவது காலி நாற்காலியும் திறந்த கணினியும். அனுப்பியவர் என்ற இடத்தில் எட்டின் பெயர்.

ஓய்வெடுக்க வேண்டிய அடுப்புக்காரர்கள் ஜன்னலுக்கு வெளியே கூடியிருந்தார்கள். முன்னால் நின்றவர் எட்டின் மச்சான், மனைவியின் அண்ணன்.

"மாப்ள, என்ன குசுகுசுங்கறாரு? எங்க காசு வருமா, வராதா? நீ பாட்டுக்கு அஞ்சு மணிக்கு எந்திரிச்சுப் போனே..."

மிரட்டல் முடிவதற்குள் செல்போன் அடித்தது. மனைவி.

"எங்க அண்ணன் கையெல்லாம் கொப்புளம். அவர் காசுல கை வெச்சீங்க, ராத்திரி சாப்பாட்டுக்கு மேனேஜர் வீட்டுக்கே போயிடுங்க."

"நான் எங்கடி கை வெச்சேன்!"

ஐந்து அடித்தது. பழக்கதோஷத்தில் கால்கள் எழுந்துவிட்டன. பையும் தோளில் ஏறிவிட்டது. ஜன்னலில் முகங்கள் நெருக்கியடித்தன. எட்டு பையைக் கழற்றிக் கீழே வைத்தார். உட்கார்ந்தார். சூடான தோசைக்கல்லில் உட்கார்ந்தவர் முகம் அப்படித்தான் இருக்கும்.

ஐந்து நிமிடம் கழித்து, வருகைத்தாளால் விசிறிக்கொண்டே மேனேஜர் வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"நீங்க... போகலையா? உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். தாளைக் குடுங்க சார்."

"மாத்திட்டீங்களா?"

"இல்ல. நீங்க மாத்தறதா இருந்தா, என் பேரை மூடிட்டு எந்திரிக்கறேன். உங்க பேருல திறந்து, மாத்தி, அனுப்புங்க. நாற்காலியை வேணா தொடைச்சுத் தரேன்."

மேனேஜர் நாற்காலியைப் பார்த்தார். ஜன்னல் முகங்களைப் பார்த்தார். அவர் பெயர் அதுவரை கதவுப் பலகையிலும் பாராட்டுப் பத்திரத்திலும் மட்டுமே இடம்பெற்ற கௌரவமான பெயர். தாளை மேசையில் வைத்துவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

எட்டு விவரங்களை ஏற்றினார். கடைசியில் இன்னொரு வரியும் சேர்த்தார்.

"இதென்ன, உங்க பேருல பதினோரு நிமிஷம்?"

"ஓவர்டைம் சார்."

"செவ்வாக்கிழமை மாமியாருக்குப் பல்லு புடுங்கணும்னு அரைநாள் லீவு போட்டீங்களேய்யா! உங்களுக்கு எங்க வாரம் நிறைஞ்சுது?"

"நாள் நிறைஞ்சிருச்சே சார்" என்று பணிவோடு சொல்லி, அனுப்பும் பொத்தானை அழுத்தினார்.

பிறகு, பதினெட்டு வருடத்தில் முதல்முறையாக, கணினியை அணைத்தார். அந்த இரண்டு நிமிடத்தைக் கம்பெனிக்கு இனாமாக விட்டுவிட்டார்.