பூட்டி வைத்த இணைப்புக் கோப்பு

பிரிக்ஃபீல்ட்ஸில் நான் காலைத் தேநீர் வாங்கும் கடைக்காரர் என்னை 'பாஸ்' என்கிறார். அவரை நானும் அப்படியே கூப்பிட வேண்டும். பெட்டாலிங் ஜெயாவில் எங்கள் அலுவலகத் தலைவி புவான் ரோஹானி (புவான் என்றால் மலாயில் திருமதி), வாயிற்காவலருக்கும் ஒரு 'பாஸ்' சொல்லிவிட்டுத்தான் உள்ளே போகிறார். திருச்சியில் பதினேழு ஆண்டுகள் ஒரே அலுவலகத்தில் இருந்தவன் நான். அங்கே பாஸ் ஒருவர்தான்; அவரும் கதவைச் சாத்திக்கொண்டிருப்பார். இங்கு வந்து பதினொரு மாதமாகியும் அந்தச் சொல்லைச் சொல்ல எனக்குக் கூச்சமாகவே இருக்கிறது.

வேலையில் மட்டும் தலைமை ஒன்றுதான். பெருமழையில் கிள்ளான் நகரின் எந்தத் தெருவில் எப்போது தண்ணீர் ஏறும் என்று கணிக்கும் நிரலைப் பைத்தான் மொழியில் எழுதுகிறோம். ஒரே கணினியில் ஓட்டினால் விடை வருவதற்குள் வெள்ளம் வடிந்துவிடும். அதனால் கணக்கைத் துண்டு துண்டாக்கி எட்டுக் கணினிகளுக்குப் பகிர்கிறோம். பகிர்ந்து கொடுக்கும் நிரலுக்கு கன்ட்ரோலர் என்று பெயர். வாங்கிக் கணக்கிடுபவை எஞ்சின்கள்; கணினிக்கு நான்காக முப்பத்திரண்டு. கன்ட்ரோலர் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் தன் முகவரியையும் புதிதாக ஒரு ரகசியச் சாவியையும் இணைப்புக் கோப்பு என்ற சிறு கோப்பில் எழுதும். எட்டுக் கணினிகளுக்கும் அனுப்பப்படும் அதன் நகலைப் படித்துத்தான் எஞ்சின்கள் அதனிடம் பதிந்துகொள்ளும்.

இந்தக் கணிப்பு நிரல் வெள்ளிக்கிழமை புவான் ரோஹானியின் முன்னால் ஓட வேண்டும். ஓடினால் என் ஒப்பந்தம் இரண்டு ஆண்டு நீளும். இல்லாவிட்டால் மாதக் கடைசியில் வேலை அனுமதி முடிந்து ஊர் திரும்ப வேண்டியதுதான். வந்துவிடுவேன் போலிருக்கிறது என்று மனைவி சுமதியிடம் முந்தின வாரமே சொல்லிவைத்திருந்தேன்.

புதன்கிழமை முப்பத்திரண்டு எஞ்சின்களும் பதிந்தன. வியாழன் காலை ஒன்றுகூட இல்லை. வலையமைப்பு, கேபிள், ஃபயர்வால் என்று பட்டியல் போட்டு மதியம் வரை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். எல்லாம் ஒழுங்காக இருந்தன. கணினிகளைப் பராமரிக்கும் சிவா கிள்ளானில் பிறந்தவர்; இந்த ஊர் வழக்கப்படி பேச்சின் கடைசியில் ஒரு 'லா' ஒட்டிக்கொள்ளும். முந்தின நாள் மாலை கன்ட்ரோலர் கணினியை அணைத்து மறுபடி போட்டதாகவும், அதனால் ஒன்றும் ஆகாது, புதுக் கோப்பை எட்டுக்கும் தானாக அனுப்ப ஒரு குறுநிரல் இருக்கிறது என்றும் சொன்னார். பிறகு என் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார்.

"அண்ணே, எட்டு மெஷின்லயும் நேத்து காலைல உள்ள ஃபைல்தான் இருக்கு. மேல எழுத விடல. யாரு லாக் பண்ணது?"

"நான்தான். பத்திரமா இருக்கட்டும்னு."

"திருடன் வரல அண்ணே. சாவிதான் மாறிருச்சு லா."

திருச்சியில் ஒருமுறை, மின்சாரம் போய் வந்த குழப்பத்தில், ஓடிக்கொண்டிருந்த அமைப்புக் கோப்பின் மேல் யாரோ வெற்றுக் கோப்பை எழுதிவிட்டார்கள். மூன்று நாள் வேலை போயிற்று. அன்றிலிருந்து ஒழுங்காக ஓடும் எதையும் உடனே பூட்டிவிடுவது என் வழக்கம். புதன்கிழமையும் எட்டுக் கணினிகளிலும் அந்தக் கோப்பைப் பூட்டி, பூட்டிய நேரத்தை நாட்குறிப்பிலும் எழுதியிருந்தேன். முந்தின மாலையிலிருந்து எஞ்சின்கள் செல்லாத சாவியோடு கன்ட்ரோலரைத் தேடிக்கொண்டிருந்திருக்கின்றன.

பூட்டை எடுத்தேன்; சிவா புதுக் கோப்பை எட்டுக்கும் அனுப்பினார். நான்கு, ஒன்பது, இருபது என்று எண்ணிக்கை ஏறி முப்பத்திரண்டில் நின்றது. இனி மறுபடி தொடங்கினாலும் பழைய சாவியையே வைத்துக்கொள்ளும்படி கன்ட்ரோலருக்கு ஒரு வரி சேர்த்தோம். நான் கோப்பைப் பூட்டினாலும் எதுவும் கெடாமலிருக்க அது ஒன்றுதான் வழி என்றார் சிவா.

வெள்ளிக்கிழமை வரைபடத்தில் தெருக்கள் ஒவ்வொன்றாக நீலமாவதைப் புவான் ரோஹானி நின்றபடியே பார்த்தார். 'ஓகே' என்றார். போய்விட்டார். எங்கள் ஊரில் அதிகாரி உட்காராமல் போனால் வேலை பிடிக்கவில்லை என்று அர்த்தம். நான் மேசையை ஒழுங்குபடுத்தத் தொடங்கினேன்.

"என்னண்ணே பண்றீங்க? ஓகேன்னா ஓகே லா. எச்.ஆர். போய் சைன் பண்ணுங்க" என்றார் சிவா.

கையெழுத்துப் போட்டுவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்து சுமதியைக் கூப்பிட்டேன். நல்லதாகப் போயிற்று என்று இரண்டு முறை சொன்னாள். பிறகு, "ஏங்க, நீங்க வந்துருவீங்கன்னு மாடி ரூமுக்கு நேத்துதான் வெள்ளையடிச்சு முடிச்சோம்" என்றாள். அவளே தொடர்ந்தாள்: "சரி, நல்லா காயட்டும். ஜன்னலத் திறந்தே வெச்சிருக்கேன்."

அன்றைய நாட்குறிப்பில் முப்பத்திரண்டு எஞ்சின்களும் ஓடின, ஒப்பந்தம் இரண்டு ஆண்டு நீட்டிப்பு என்று எழுதினேன். அதன் கீழே இன்னொரு வரி: மாடி அறை வெள்ளையடித்தாகிவிட்டது, காய்ந்துகொண்டிருக்கிறது.